கொடிக்கயிறும் கூடார முளையும்



நம் செக்யூரிட்டி அறையின் மூலையில் ஒரு நீல பக்கெட் இருக்கிறதே, அதற்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஆடிக் காற்றில் நம் பால்கனிகளிலிருந்து விழுந்த துணி கிளிப்புகளையெல்லாம் அதில்தான் போட்டு வைக்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் பொழுது போகாமல் எண்ணிப் பார்த்தேன். 63 முழுசு, 40க்கு மேல் உடைசல். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் உட்கார்ந்தவனுக்கு எதையாவது எண்ணாமல் கை சும்மா இருக்காது.

அடுத்த பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தீர்மானங்களில் ஒன்றையும் நீங்கள் படித்திருப்பீர்கள். சாலையிலிருந்து தெரியும்படி பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்பது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த பக்கெட்டில் கிடக்கும் கிளிப்பின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கேளுங்கள். நானும் இதை ஒரு எதிர்பாராத இடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, காரின் பின்னால் மாட்டி, விட்பி என்ற ஊருக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் ஐந்து நாள் தங்க அழைத்துப் போனார். கேரவன் என்றதும் நமக்கு சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே நடுத்தரக் குடும்பத்தார் விடுமுறைக்குப் போகும் சாதாரண ஏற்பாடு அது. புல்வெளியில் வரிசையாக நாற்பது, ஐம்பது வண்டிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துணிப்பந்தல். அதை ஆனிங் என்கிறார்கள். பந்தலுக்குள் நாற்காலி, மேஜை, சேற்றுச் செருப்பு, நாய். எல்லா வண்டியிலும் ஈரத்துணி தொங்கியது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஜன்னல் விளிம்பில் மாட்டும் மடக்குக் கம்பி, குடை மாதிரி விரியும் கொடி, வட்ட வளையத்தில் இருபது கிளிப் தொங்கும் சாதனம் என்று துணி காயப்போட மட்டும் எத்தனை விதம்! என் மனைவி அந்த வட்ட வளையத்தில் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். இன்றைக்கும் சாக்ஸும் கைக்குட்டையும் அதில்தான் காய்கின்றன.

இரண்டாம் நாள் ராத்திரி வட கடல் காற்று பிடித்துக்கொண்டது. பதினொரு மணிக்குப் பந்தல் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை டார்ச்சோடு வெளியே ஓடினார். பேரன், "தாத்தா, பந்தல் பறக்குது" என்று கத்தினான். நான் முண்டாசு கட்டிக்கொண்டு ஒரு மூலையைப் பிடித்து நின்றேன். அறுபத்துநாலு வயதில் நான் தாங்கி நிற்கிற காற்றா அது! பக்கத்து வண்டியிலிருந்து எழுபது வயதுக்கு மேலான ஒருவர் பைஜாமாவோடு வந்தார். கையில் கொட்டாப்புளி மாதிரி ஒரு ரப்பர் சுத்தியல், சுருட்டி வைத்த நீளமான பட்டை. பத்து நிமிஷத்தில் பந்தல் அடங்கியது.

மறுநாள் காலையில் டீ கொடுத்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சுற்றிக் காட்டியதைச் சொல்கிறேன், மொட்டை மாடியில் ஷாமியானா கட்டும்போது நமக்கும் உதவும்.

கேரவனின் கூரை விளிம்பில் காடி வெட்டிய அலுமினியப் பட்டை ஒன்று ஓடுகிறது. பந்தல் துணியின் ஓரத்தில் ஒரு கயிற்றை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தடித்த ஓரத்தைக் காடியின் ஒரு முனையில் நுழைத்து இழுத்துக்கொண்டே போனால் துணி வண்டியோடு பூட்டிக்கொள்ளும். மற்ற மூன்று பக்கமும் தரையில் முளை அடித்து நிறுத்த வேண்டியதுதான். துணிக்கும் முளைக்கும் நடுவில் ஏணி போலப் படிகள் வைத்த ரப்பர் பட்டை இருக்கும். காற்று இழுக்கும்போது ரப்பர் கொடுத்து வாங்கும், துணி கிழியாது. முளையை நேராக அடித்தால் ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தலையைச் சாய்த்து அடிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே புயல் பட்டை. பந்தலின் கூரைமீது போட்டு, இரு பக்கமும் சாய்வாக இறக்கி, நுனியில் ஸ்பிரிங் வைத்துப் பெரிய முளைகளில் மாட்டுவது. அதைத்தான் ராத்திரி அவர் போட்டார். எங்கள் வாடகைப் பெட்டியிலும் அதே பட்டை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது என்பது வேறு விஷயம்.

பந்தலுக்கு எதிரி அதன் பாரம் இல்லை, காற்று அடியில் புகுந்து மேலே தூக்குவதுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கொடியில் காயும் வேட்டிக்கும் இதே கணக்குதான். அதுவும் ஒரு பாய்மரம். கொடியில் மாட்டும் கிளிப், கூடாரத்துக்கு அடிக்கும் முளை இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பெக் என்று ஒரே பெயர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டும் காற்றிடமிருந்து துணியைக் காப்பாற்றும் குச்சிகள்.

பேச்சு கிளிப்புக்குத் திரும்பியதும் அவர் தன் வண்டிக்குள் போய் ஒரு டீத்தூள் பாக்கெட்டைக் கொண்டுவந்தார். அதன் வாயை ஒரு மரக்குச்சி கவ்வியிருந்தது. ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளம், நடுவில் பிளவு, கழுத்தில் துருப்பிடித்த தகரப் பட்டை, அதில் ஒரு சின்ன ஆணி. அவருடைய அம்மா வாசலில் ஒரு ஜிப்சிப் பெண்ணிடம் டஜன் கணக்கில் வாங்கியதில் மிஞ்சிய ஒன்றாம். அம்மா போய் முப்பது வருஷம் ஆகிறது, குச்சி இன்னும் கவ்வுகிறது.

ஜிப்சிகள் என்று ஆங்கிலேயர் அழைத்த ரோமானி மக்களின் கைத்தொழில்களில் இது ஒன்று. வேலியோரத்தில் வளரும் வில்லோ, ஹேசல் கிளைகளை வெட்டி, பட்டை உரித்து, அளவாக நறுக்கிக் காய வைப்பார்கள். வீசியெறிந்த உணவு டப்பாக்களின் தகரத்தைச் சிறு கீற்றுகளாக வெட்டி, குச்சியின் ஒரு முனைக்கு அருகில் சுற்றி ஆணி அடிப்பார்கள். பிறகு மறுமுனையிலிருந்து கத்தியால் பிளந்து, வாயை உட்புறம் செதுக்கி அகலமாக்குவார்கள். பிளவு மேலே ஓடிவிடாமல் தகரம் தடுக்கும். மரம் வேலியோரத்தில், தகரம் குப்பையில். முதல் போட வேண்டியது ஆணிக்கு மட்டும்தான். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடக் குறைந்த மூலதனத்தில் ஒரு உற்பத்தித் தொழிலை நான் பார்த்ததில்லை. குடும்பமே உட்கார்ந்து குரோஸ் கணக்கில் செய்ய, பெண்கள் கூடையில் எடுத்துப்போய் வீடு வீடாக விற்பார்கள். கோடையில் கென்ட் பகுதித் தோட்டங்களில் பீருக்கான ஹாப் காய் பறிக்கும் வேலை, குளிர்காலத்தில் குச்சி.

இந்த மக்களுக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. இவர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து மேற்கே நகர்ந்தவர்களின் வழிவந்தவர்கள். ஊர் ஊராகப் போனவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியவில்லை. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்து 'எகிப்தியன்' என்று கூப்பிட்டதுதான் தேய்ந்து ஜிப்சி ஆனது. 1780களில் ஜெர்மானிய அறிஞர்கள் அவர்கள் பேசும் மொழியை ஆராய்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தண்ணீருக்கு பானி, மூக்குக்கு நாக். வட இந்தியாவில் மாற்றலாகி வேலை பார்த்த நம் குடியிருப்புக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஆங்கிலத்தில் நண்பனைக் குறிக்கும் 'பால்' என்ற சொல்லே ரோமானியில் சகோதரனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பிரிட்டனில் இவர்களைப் பற்றிய முதல் பதிவு ஒரு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1505ல் ஸ்காட்லாந்து மன்னரின் கருவூலக் கணக்கில், அரசர் ஆணைப்படி 'எகிப்தியர்'களுக்கு 7 பவுன் கொடுத்ததாகப் பற்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மை நீடிக்கவில்லை. 1530ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அவர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லிச் சட்டம் போட்டது. 1554ல் வந்த சட்டம், போகாமல் தங்கினால் மரண தண்டனை என்றது. அதையெல்லாம் தாண்டித்தான் அந்தக் குச்சி டீத்தூள் பாக்கெட் வரை வந்து சேர்ந்தது.

முதலில் அவர்களுக்கு வண்டி வீடு கிடையாது. ஹேசல் கழிகளை வில்லாக வளைத்து மண்ணில் குத்தி, மேலே கம்பளியும் தார்ப்பாயும் போட்ட கூடாரம்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் குதிரை பூட்டிய மர வீடுகள் பெருகின. அவற்றை வார்டோ என்பார்கள். அடுப்பு, புகைபோக்கி, கட்டில், வெளிப்புறத்தில் தங்க வர்ணச் சித்திர வேலைப்பாடு. டிக்கன்ஸ் 1840ல் எழுதத் தொடங்கிய 'தி ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்' நாவலில், மெழுகுப் பொம்மைக் காட்சி நடத்தும் ஜார்லி அம்மையார் இப்படி ஒரு கேரவனில்தான் ஊர் சுற்றுவார். வயிற்றுப்பாட்டுக்காக அலைகிறவர்களின் வீடு அது.

அதைப் பொழுதுபோக்காக மாற்றியவர் ஒரு டாக்டர். வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்குக் கடல் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். 1885ல் பிரிஸ்டலில் இருந்த ஒரு ரயில் பெட்டி, கோச்சு வண்டிக் கம்பெனியிடம் சொல்லி, மஹோகனி மரத்தில் 'வாண்டரர்' என்ற வண்டியைச் செய்வித்தார். இரண்டு குதிரைகள், ஒரு வண்டிக்காரர், ஒரு வேலையாள், நாய், கிளி எல்லாம் சேர்ந்த பரிவாரம். வேலையாளுக்கு மூன்று சக்கர சைக்கிள், முன்னால் போய்ச் சாலை எப்படி என்று பார்த்து வர. ட்வைஃபோர்டிலிருந்து புறப்பட்டு ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை சுமார் 1300 மைல் பயணம். அடுத்த ஆண்டே அதைப் புத்தகமாக எழுதி, வண்டியைத் 'தரைக் கப்பல்' என்று வர்ணித்தார். இந்த வண்டியைத்தான் பொழுதுபோக்குக்கென்றே கட்டிய முதல் கேரவன் என்கிறார்கள். ஜிப்சி வண்டிதான், குச்சி விற்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஜிப்சி.

1907ல் இப்படிப்பட்ட கனவான்கள் சேர்ந்து கேரவன் கிளப் தொடங்கினார்கள். வசதி குறைந்தவர்களுக்கு வழி காட்டியவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங், லண்டனில் தையற்காரர். சிறுவனாக இருந்தபோது, 1853ல், அமெரிக்கப் புல்வெளிகளை மாட்டு வண்டிக் கூட்டத்தோடு கடந்தவர். தையல் தெரிந்தவர் என்பதால் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும் அளவுக்கு எடை குறைந்த கூடாரங்களைத் தானே வடிவமைத்தார். 1901ல் சைக்கிள் முகாம்காரர்கள் சங்கம் கண்டார், 1908ல் முகாம்காரர்களுக்கு ஒரு கையேடு எழுதினார். முதல் உலகப் போர் முடிந்த 1919ல் பர்மிங்காமில் எக்கிள்ஸ் கம்பெனி காரின் பின்னால் இழுக்கும் கேரவன் விற்க ஆரம்பித்தது. அப்புறம் குதிரைக்கு வேலையில்லை.

குச்சியை விட்டுவிட்டோம். அட்லாண்டிக்கின் மறுகரையில் அதற்கு வேறு ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரைச் சேர்ந்த டேவிட் ஸ்மித், 1853ல் இரண்டு மரத்துண்டுகளை ஸ்பிரிங்கோடு சேர்த்த கிளிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். பழைய குச்சி காற்றில் துணியோடு நழுவி மேலே வந்துவிடும், இது அழுத்திப் பிடிக்கும் என்பதுதான் அவர் சொன்ன நியாயம். 1852க்கும் 1887க்கும் இடையில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் துணி கிளிப்புக்கு மட்டும் 146 காப்புரிமை கொடுத்திருக்கிறது. ஒரு குரோஸுக்கு இரண்டு கூட! அதே 1887ல், அதே வெர்மான்டைச் சேர்ந்த சாலமன் மூர், மன்னிக்கவும், சாலன் மூர், ஒரே கம்பியைச் சுருட்டி அதுவே அச்சாகவும் ஸ்பிரிங்காகவும் இருக்கும்படி செய்தார். உங்கள் பால்கனி கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள், இன்றைக்கும் அதே சுருள் கம்பிதான். வெர்மான்ட் தலைநகர் மான்ட்பீலியரில் அதற்குத் தொழிற்சாலைகள் வந்தன. இறக்குமதிச் சரக்கோடு போட்டி போட முடியாமல் 2002ல் அங்கே மரக்கிளிப் செய்வது நின்றுபோனது.

இந்த இயந்திரச் சரக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து இங்கிலாந்தின் கத்திக் குச்சிக்காரர்களின் பிழைப்பைக் குறைத்தன. அவர்கள் நிற்கும் இடத்தைக் குறைத்தது சட்டம். 1938ல் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டம் வந்தது. போருக்குப் பின் தொழிலாளர் குடும்பங்களும் கேரவனில் கிளம்பின. கடற்கரையெல்லாம் வண்டி. இதை ஒழுங்குபடுத்த 1960ல் ஒரு சட்டம். கேரவன் நிறுத்த இடம் கொடுக்கும் நில உரிமையாளர் உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும் என்றது. கிளப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. அவர்கள் சான்று கொடுத்தால் ஒரு விவசாயி தன் வயலில் ஐந்து வண்டி வரை உறுப்பினர்களுக்கு இடம் தரலாம். தலைமுறை தலைமுறையாக மரத்தடியில் நின்ற ரோமானிக் குடும்பத்துக்கு அப்படி எந்த கிளப்பும் இல்லை. பொது மேய்ச்சல் நிலங்களில் கேரவன் நிற்பதைத் தடுக்கவும் அதே சட்டம் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. இடம் இல்லாமல் சாலையோரத்தில் நின்றவர்களைப் பார்த்து, 1968ல் உள்ளாட்சிகள் இவர்களுக்கு இடம் அமைத்துத் தர வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. 1994ல் அந்தக் கடமையையும் நீக்கி, அனுமதியில்லாமல் நிற்பவர்களை அப்புறப்படுத்தக் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தார்கள்.

விட்பியிலிருந்து திரும்பும் வழியில், சாலையோரப் புல்லில் ஐந்தாறு கேரவன்கள் நின்றதைப் பார்த்தோம். வண்டிகளுக்கு நடுவே கயிறு கட்டித் துணி காய்ந்தது. குழந்தைகளின் சட்டைகளும் ஒரு பூப்போட்ட போர்வையும். அந்த ஊர்க்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். நாங்கள் ஐந்து நாள் காசு கொடுத்து அதையேதான் செய்துவிட்டு வந்திருந்தோம். எங்கள் ஈரத்துண்டு காரின் பின் சீட்டில் இருந்தது. அவர்கள் ரோமானியரா, அயர்லாந்து வழிப் பயணக் குடும்பங்களா என்று எனக்குத் தெரியாது, நின்று கேட்கவும் இல்லை.

இனி நம் தீர்மானம். துணி கண்ணுக்குத் தெரிந்தால் கட்டடத்தின் மதிப்பு குறையும் என்பது அதைக் கொண்டுவந்தவர்களின் வாதம். இதுவும் புதிதல்ல. அமெரிக்காவில் எத்தனையோ குடியிருப்புச் சங்கங்கள் கொடிக்கயிறுக்குத் தடை போட்டுப் பார்த்தன. ஃபுளோரிடா மாநிலம், கொடிக்கயிறு சூரிய சக்தியைப் பயன்படுத்தும் சாதனம் என்று சொல்லி, சங்கங்கள் அதைத் தடுக்கக் கூடாதென்று சட்டத்தில் வைத்தது. கிளிப்பின் தாய்வீடான வெர்மான்டும் 2009ல் அப்படியே செய்தது. நமக்கு வருஷத்தில் பத்து மாதம் வெயில். டிரையர் வாங்கி மின்கட்டணம் கட்ட எல்லா வீட்டிலும் வசதி இல்லை, வைக்க இடமும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீடுகளை நினைத்துப் பாருங்கள். நான் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கப் போகிறேன். கைப்பிடிச் சுவருக்கு வெளியே துணி தொங்கக் கூடாது, கீழ்த்தளத்தார் தலையில் சொட்டக் கூடாது என்று ஒரு திருத்தம் வந்தால் அதற்கு ஆதரவாகவும் தூக்குவேன். கீழ்த்தளத்து நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கிளிப் விழாமலிருக்க நாமும் சிலது செய்யலாம். பிளாஸ்டிக் கிளிப்பை இரவு பகலாகக் கொடியிலேயே விட்டுவைக்கிறோம். வெயிலில் பிளாஸ்டிக் முறுகிப்போய், ஒரு நாள் விரலில் அழுத்தும்போதே முறிகிறது. துணி எடுக்கும்போதே கிளிப்பையும் எடுத்து ஒரு பையில் போட்டு வைத்தால் இரண்டு மடங்கு நாள் வரும். துரு ஏறாத ஸ்டீல் கம்பிக் கிளிப் விலை கொஞ்சம் கூட, ஆனால் கணக்குப் போட்டால் மலிவு. போர்வையை விளிம்பில் கவ்வாமல், கொடிக்கு மேல் ஒரு சாண் மடித்துப் போட்டுக் கவ்வுங்கள். காற்று நாளில் கீழ் ஓரத்தையும் இரண்டு கிளிப்பால் சேர்த்துவிடுங்கள், அடியில் காற்று புகாது. மொட்டை மாடிப் பந்தலுக்கு மணல் மூட்டையில் நேராகக் கயிறு இறக்காமல் சாய்வாக இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

நீல பக்கெட் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை லிஃப்ட் பக்கத்தில் இருக்கும். அவரவர் கிளிப்பை அடையாளம் கண்டு எடுத்துக்கொள்ளலாம். பச்சை நிறத்தில் பதினேழு இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை.